தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்: ஆலயக் கவிராயர் ஒருவரின் வாழ்வும் தொண்டும்



கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்தின் ஓரமாகச் செல்கின்றவர்கள் அங்கே செந்நிறக் கூரையோடு விளங்கும் செயின்ட் மேரீஸ் பேராலயத்தைப் பார்த்திருப்பார்கள். 1895ஆம் ஆண்டில் எழுந்த அந்த ஆலயத்தில், அதே ஆண்டைச் சேர்ந்த குழல் ஆர்கன் ஒன்று இருக்கிறது. அதைச் செய்தவர் ஹென்றி வில்லிஸ் என்னும் ஆங்கிலேயர். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் ஆர்கனைச் செய்தவரும் அவரே.

ஆர்கன் என்பது காற்றால் ஒலிக்கும் கருவி. துருத்தி காற்றைத் திரட்டித் தருகிறது. கட்டைகளைக் கை அழுத்தும்போது அந்தக் காற்று, வரிசையாக நிற்கும் குழல்களுக்குள் புகுந்து ஒலிக்கிறது. நீண்ட குழலில் மந்தர ஒலி. குறுகிய குழலில் உச்ச ஒலி. கால்களுக்கும் தனியே கட்டைகள் உண்டு. ஒரே மனிதர் இரு கைகளாலும் இரு கால்களாலும் ஒரு பெரிய வாத்திய கோஷ்டியின் வேலையைச் செய்துவிடலாம். ஐரோப்பிய நாடுகளில் இக்கருவியை வாசிப்பவரே பெரும்பாலும் ஆலயத்திற்குப் புதிய பாட்டுகளை இயற்றித் தருபவராகவும், பாடகர் குழுவைப் பழக்குபவராகவும் இருந்தார். அதற்காக அவர் சம்பளமும் பெற்றார்.

உலகப் புகழ் பெற்ற ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாஹ் இத்தகைய ஓர் ஆலய ஊழியர்தாம். 1703ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், அர்ன்ஸ்டாட் என்ற ஊரில் ஆர்கன் வாசிப்பவராக வேலையில் அமர்ந்தார். 1723 முதல் 1750இல் மறையும் வரை லைப்சிக் நகரில் ஆலய இசைக்குப் பொறுப்பாளராக இருந்தார். அவ்வளவு பெரிய மேதைக்கும் மேலதிகாரிகளோடு ஓயாத மனத்தாங்கல் இருந்தது. 1730இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தம் மேலாளர்களுக்கு இசையில் அக்கறை இல்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். ஊரில் நல்ல காற்று வீசினால் சாவு குறைந்துவிடுகிறது, அதனால் அடக்க ஆராதனைகளில் தமக்குக் கிடைக்கும் வரும்படியும் குறைந்துவிடுகிறது என்றும் எழுதுகிறார். ஆலயத்தை நம்பி வாழும் இசைப்புலவரின் நிலைமை எத்தகையது என்பதை இந்த ஒரு செய்தியே நமக்குக் காட்டிவிடுகிறது.

நம் தமிழ் மக்களிடையே இத்தகைய வாழ்வு வாழ்ந்தவர் யாராவது உண்டா? உண்டு. அவர் ஆர்கன் வாசித்தவர் அல்லர். ஆனால் ஆலயத்திற்காகவே பாட்டு இயற்றினார்; ஆலயத்தை நம்பியே வாழ்ந்தார்; ஆலயத்தோடு மாறுபட்டு வேலையையும் இழந்தார். அவர்தாம் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். இன்று நாம் அவருடைய வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. தமிழில் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு. நாம் பேசுகின்ற வேதநாயகம் சாஸ்திரியார் வேறு. பிள்ளையவர்கள் 1826இல் பிறந்த கத்தோலிக்கர், நீதிபதியாக இருந்தவர். சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர். சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். பெயர் ஒற்றுமையால் பலர் இருவரையும் ஒருவராக எண்ணிவிடுகிறார்கள்.

தஞ்சாவூரில் வாழ்ந்த ஒரு புலவரைப் பற்றி மலேசியாவில் இருக்கும் நாம் ஏன் பேசவேண்டும் என்று சிலர் கேட்கலாம். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கியது. அந்த ரயில்வேயை நம்பித் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த தமிழர்கள் செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் குடியேறினார்கள். கோயில்களும் ஆலயங்களும் அங்கே அடுத்தடுத்து எழுந்தன. லுத்தரன் தமிழர்களின் சீயோன் ஆலயம் 1924இல் எழுந்தது. கிள்ளானிலும் சுற்றுப்புறங்களிலும் தமிழ்ச் சபைகள் வளர்ந்தன. இவற்றில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டுவரும் கீர்த்தனைகளில் சாஸ்திரியாரின் பாடல்கள் சிறப்பிடம் பெற்றவை. பாடுகின்ற பலருக்கு அவற்றை இயற்றியவர் யார் என்று தெரிவதில்லை. ஆகவே அவருடைய கதை நம்முடைய கதையும் ஆகிறது.

சாஸ்திரியாரின் தொண்டை அறிய வேண்டுமானால், அவருக்கு முன்னால் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் எத்தகைய பாட்டு இருந்தது என்று அறியவேண்டும்.

1706ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அது அப்போது டென்மார்க் நாட்டாரின் ஆட்சியில் இருந்த துறைமுகம். அவர் ஜெர்மனியில் ஹாலே நகரத்துக் கல்விக்கூடத்தோடு தொடர்புடையவர். அதே ஹாலே நகரத்தில்தான் மற்றோர் இசைமேதையாகிய ஹேண்டல் பிறந்தார். 1702இல் அங்கே ஆர்கன் வாசிப்பவராகவும் சில காலம் வேலை பார்த்தார். அந்த நாட்டிலே ஆலயத்திற்கு வருவோர் அனைவரும் சேர்ந்து பாடுவது வழக்கம். சீகன்பால்கும் அவருக்குப்பின் வந்தவர்களும் அந்தப் பாட்டுகளைத் தமிழில் பெயர்த்தார்கள். மெட்டு ஜெர்மானிய மெட்டாகவே இருந்தது. சொல் மட்டும் தமிழாயிற்று. இவை ஞானப்பாட்டுகள் எனப்பட்டன. இத்துறையில் மிகுதியாக உழைத்தவர் பப்ரீஷியஸ் என்னும் அறிஞர். 1791இல் சென்னையில் மறைந்த அவர், வேதாகமத்தையும் சிறந்த முறையில் தமிழாக்கியவர்.

ஞானப்பாட்டுகளில் பக்தி உண்டு, பொருளாழம் உண்டு. ஆனால் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஜெர்மானியப் பாட்டின் நடை, சொல்லின் அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்ப் பாட்டின் நடையோ குறிலும் நெடிலும் சேர்ந்து அமைக்கும் அசைகளை அடிப்படையாகக் கொண்டது. அழுத்தம் விழவேண்டிய இடத்தில் தமிழ்க் குறில் வந்து அமர்ந்தால் அந்தக் குறிலை நெடிலாக இழுத்துப் பாடவேண்டியிருக்கும். நெடில் வரும் இடத்தில் மெட்டு ஓடினால் அந்த நெடிலைக் குறுக்க வேண்டியிருக்கும். சொல் நடுவில் உடையும். கேட்பவருக்குப் பொருள் மயங்கும். மேலும், அந்த மெட்டுகள் நான்கு குரல்கள் ஒருங்கே இணைந்து ஒலிக்கும் முறைக்கு ஏற்றவை. துணைக்கு ஆர்கன் இருந்தால் அவை கம்பீரமாக இருக்கும். ஆர்கன் இல்லாத கிராமத்துக் கூரை ஆலயத்தில், தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாடும்போது அந்தக் கம்பீரம் வருவதில்லை.

இந்தக் குறையை நீக்கத் தமிழ் இசையிலேயே பிறந்த பாட்டு வேண்டியிருந்தது. அதைத் தந்தவர்களுள் தலையாயவர் வேதநாயகர்.

அவர் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். தந்தையார் பெயர் தேவசகாயம். அருணாசலம் என்ற பெயரோடு சைவ வேளாளராக இருந்து கிறிஸ்தவத்தைத் தழுவியவர்; தமிழ்ப் புலமை உடையவர். தாயார் ஞானப்பூ அம்மையார். ஆகவே தமிழ்ப் புலமை அவருக்கு வீட்டுச் சொத்தாகவே வாய்த்தது எனலாம்.

அக்காலத்தில் தென்னாட்டில் பெரும் மதிப்புப் பெற்றிருந்த பாதிரியார் ஸ்வார்ட்ஸ் என்பவர். ஹைதர் அலியிடம் கும்பினியார் தூது அனுப்பியபோது அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவர் 1785ஐ ஒட்டிப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது சிறுவன் வேதநாயகத்தின் கூரிய அறிவைக் கண்டு வியந்தார். தம்மோடு அனுப்பும்படி தந்தையாரிடம் கேட்டுத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம்.

தஞ்சையிலே ஸ்வார்ட்ஸின் பாதுகாப்பில் இன்னொரு சிறுவனும் இருந்தான். அவன் தஞ்சை மராட்டிய அரசர் துளஜாஜி சுவீகாரம் எடுத்த இளவரசன் சரபோஜி. துளஜாஜி 1787இல் மறைந்தபின் அரியணை வேறொருவர் கைக்குப் போயிற்று. இளவரசனின் உயிருக்கும் கல்விக்கும் ஸ்வார்ட்ஸே காவலராக நின்றார். இவ்வாறு ஒரே ஆசிரியரின் நிழலில் பின்னாளில் அரசரான ஒருவரும், பின்னாளில் கவிராயரான ஒருவரும் வளர்ந்தார்கள். இந்த இளமை நட்பு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கவிராயருக்கு எவ்வாறு கைகொடுத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வேதநாயகர் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டு அங்கிருந்த ஜெர்மானிய அறிஞர்களிடம் வேத சாஸ்திரமும், வான சாஸ்திரம், பூகோளம் முதலிய புதிய அறிவுத் துறைகளும் கற்றார். தஞ்சைக்குத் திரும்பியபின், இருபது வயதை ஒட்டி, அங்கிருந்த கிறிஸ்தவக் கல்விச்சாலைக்குத் தலைமையாசிரியராக நியமிக்கப்பட்டார். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்தார். உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்குவதே அந்தக் கல்விச்சாலையின் நோக்கம். அவரிடம் படித்தவர்கள் பல ஊர்களுக்குப் போனார்கள். அவருடைய பாட்டுகளும் அவர்களோடு போயின.

நேயர்களே! அந்தக் காலத் தஞ்சாவூரை நாம் சற்றுக் கற்பனை செய்து பார்க்கவேண்டும். தியாகராஜ சுவாமிகள் 1767இல் பிறந்தவர். முத்துசுவாமி தீட்சிதர் 1775இல் பிறந்தவர். சியாமா சாஸ்திரிகள் 1762இல் பிறந்தவர். கர்நாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகள் எனப்படும் இம்மூவரும் வேதநாயகரும் ஒரே காலத்தவர். ஒரே காவிரிப் பகுதியில் வாழ்ந்தவர்கள். 1798இல் அரியணை ஏறிய சரபோஜி மன்னரோ சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர். மேல்நாட்டு வாத்தியங்களை வரவழைத்து அரண்மனையில் பாண்டு கோஷ்டி ஒன்றையும் அமைத்தவர். வயலின் என்னும் மேல்நாட்டுக் கருவி நம் சங்கீதத்திற்குப் பக்கவாத்தியமாக வந்து நிலைத்தது அந்தக் காலத்திலேதான். மேற்கும் கிழக்கும் இசையிலே கலந்து பழகிய அந்த நகரத்தில்தான் வேதநாயகரின் செவி பழகியது.

அவருடைய முதற்பெரும் படைப்பு 'பெத்லகேம் குறவஞ்சி'. 1800ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்டது. குறவஞ்சி என்பது தமிழ்நாட்டு மக்களின் மனத்தைக் கவர்ந்த நாட்டிய நாடக வகை. திரிகூடராசப்பக் கவிராயரின் 'திருக்குற்றாலக் குறவஞ்சி'யை அறியாதவர் இல்லை. தலைவன் உலா வருவான். தலைவி அவனைக் கண்டு காதல் கொள்வாள். மலைக்குறத்தி வந்து தன் நாட்டு வளம் கூறிக் கைபார்த்துக் குறி சொல்வாள். அவளைத் தேடிச் சிங்கன் வருவான். அவன் பறவைகளுக்குக் கண்ணி வைப்பான். இதுவே அந்த நாடகத்தின் அமைப்பு.

வேதநாயகர் இந்த அமைப்பில் எதையும் குறைக்கவில்லை. பொருளை மட்டும் மாற்றினார். உலா வரும் தலைவன் பெத்லகேமில் பிறந்த இயேசுநாதர். தலைவி சீயோன் மகள் தேவமோகினி; அவளே திருச்சபை. குறி சொல்லும் குறத்தி விசுவாசம். சிங்கன் ஞானசிங்கன், அவனே சபையின் போதகன். அவன் கண்ணியில் விழும் பறவைகள் உலகத்து மக்கள். குறத்தி தன் நாட்டு வளம் பேசும் இடத்தில் வேதத்தின் செய்திகள் வருகின்றன. அண்டங்களைப் பற்றிப் பேசும் இடத்திலோ சூரியனை நடுவில் வைத்துக் கோள்கள் சுற்றிவருகின்றன என்ற கோப்பர்நிக்கஸின் கொள்கை தமிழ்ப் பாட்டாக வருகிறது! பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கற்பித்த பாடம் நாடகமேடைப் பாட்டாகிவிட்டது. படிக்காத பாமர மக்களும் கேட்டு அறியத்தக்க கல்வி அது. அந்த வகையில் அவர் அக்காலத்து வானொலிப் பள்ளி ஆசிரியர் என்றே நாம் சொல்லலாம்.

இதைப்போலவே, நோவா பேழை கட்டிய கதையை 'ஞானத்தச்ச நாடகம்' என்று பாடினார். மூட நம்பிக்கைகளைக் கண்டித்துச் 'சாஸ்திரக் கும்மி' பாடினார். 'ஜெபமாலை', 'ஆரணாதிந்தம்', 'பேரின்பக் காதல்', 'ஞானவுலா' எனப் பல நூல்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. சிறியனவும் பெரியனவுமாக நூற்றுக்கு மேற்பட்டவை என்று கணக்கிடுவர். கும்மி, உலா, அந்தாதி, நொண்டி, கீர்த்தனை என்று தமிழில் மக்கள் வாயில் வழங்கிய வடிவங்களையெல்லாம் ஆலயத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தார். சென்னையிலுள்ள வேப்பேரிச் சபையார் அவருக்குச் 'சுவிசேட கவிராயர்' என்ற பட்டத்தை அளித்துப் பாராட்டினார்கள். அந்தப் பட்டமே அவருக்கு நிலைத்த பெயராயிற்று.

கீர்த்தனை என்ற வடிவத்தில் என்ன சிறப்பு? அதில் பல்லவி, அநுபல்லவி, சரணம் என்ற மூன்று பகுதிகள் உண்டு. பல்லவி பாட்டின் மையக் கருத்தைச் சொல்கிறது. ஒவ்வொரு சரணத்திற்குப் பிறகும் பாடுவோர் பல்லவிக்குத் திரும்பி வருகிறார்கள். ஆகவே எழுதப்படிக்கத் தெரியாதவரும் இரண்டொரு முறை கேட்டால் பல்லவியைப் பிடித்துக்கொள்ளலாம். சரணத்தைத் தலைமைப் பாடகர் பார்த்துக்கொள்வார். புத்தகம் இல்லாத கூட்டமும் ஒன்றாகப் பாடிவிட முடியும். எதுகையும் மோனையும் நினைவுக்குத் துணை செய்கின்றன. ராகமோ ஊரறிந்த ராகம். தோட்டத்து லயத்திலே மண்ணெண்ணெய் விளக்கொளியில் கூடியவர்களுக்கு இதைவிட ஏற்ற வடிவம் வேறு எது?

ஆனால் கவிராயரின் வாழ்வு என்றும் ஒரேவிதமாக ஓடவில்லை. 1798இல் ஸ்வார்ட்ஸ் மறைந்தார். சரபோஜி மன்னர் தம் ஆசிரியருக்கு லண்டனில் ஜான் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக்கொண்டு பளிங்கு நினைவுச்சின்னம் செய்வித்தார். அதைத் தஞ்சை ஆலயத்தில் இன்றும் காணலாம். பழைய மிஷனரிமார் ஒவ்வொருவராக மறைய, 1820களில் புதிய மிஷனரிமார் பொறுப்பேற்றார்கள். அவர்களுக்கும் பழைய சபையாருக்கும் இடையே பெரும் பூசல் மூண்டது.

அந்தப் பூசலில் நான்கு செய்திகள் கலந்திருந்தன. முதலாவது, பப்ரீஷியஸின் பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றிப் புதிய திருத்தத்தைக் கொண்டுவந்தது. இரண்டாவது, ஆலயத்திலும் திருவிருந்திலும் சாதி வேறுபாடு கூடாது என்று கட்டளையிட்டது. மூன்றாவது, திருமணத்திலும் அடக்கத்திலும் திருநாட்களிலும் மலர்களை உபயோகிப்பதைத் தடுத்தது. நான்காவது, தமிழ்க் கீர்த்தனைகளையும் தமிழ் வாத்தியங்களையும் ஆலயத்திலிருந்து விலக்கியது. வேதநாயகர் இந்த நான்கையும் நான்கு கொடுமைகளாக எண்ணி எதிர்த்து எழுதினார். அதன் பயனாக 1829ஆம் ஆண்டை ஒட்டி அவர் தம் ஆசிரியர் வேலையை இழந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது.

இந்த இடத்தில் நாம் வரலாற்றை நேர்மையாகப் பார்க்கவேண்டும். நான்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவதற்கில்லை. பாட்டைப் பற்றியும் மலரைப் பற்றியும் அவர் கூறியது சரியே என்பதைக் காலம் காட்டிவிட்டது. தமிழ்ப் பாட்டில் வணங்குவது தவறு என்று இன்று எந்தத் தமிழ்ச் சபையும் சொல்வதில்லை. ஆனால் சாதியைப் பற்றி அவர் கொண்ட நிலை நியாயமானது என்று நாம் சொல்ல முடியாது. வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு புறமும், தாழ்த்தப்பட்ட வகுப்பாரென ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் வேறு புறமுமாக ஆலயத்தில் அமர்ந்த அந்த வழக்கத்தை அவர் நாட்டு வழக்கம் என்று ஆதரித்தார். ஒரே பாத்திரத்தில் பருகச் சொல்வதை வன்முறை என்று கருதினார். ஒதுக்கப்பட்டவர்களின் பக்கத்தில் நின்று அவர் அதைப் பார்க்கவில்லை. 1833இல் வில்சன் அத்தியட்சர் சாதி வேறுபாட்டை உடனே, முற்றாக விடவேண்டும் என்று கட்டளை அனுப்பியபோது தஞ்சை, வேப்பேரி முதலிய சபைகளில் பலர் பிரிந்து சென்றார்கள். அந்தப் புண் ஆறப் பல்லாண்டுகள் ஆயின.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். சாதியை நீக்க வந்தவர்கள் பாட்டையும் பூவையும் சேர்த்து நீக்க முயன்றது ஏன்? தமிழருக்கு உரியவை எல்லாம் பழைய சமயத்திற்கு உரியவை என்று அவர்கள் எண்ணினார்கள். மனிதனை மனிதன் தாழ்த்தும் வழக்கம் வேறு, மக்கள் தம் மொழியில் தம் ராகத்தில் பாடும் உரிமை வேறு என்று பிரித்துப் பார்க்க இரு சாராருக்கும் அப்போது முடியாமற் போயிற்று. ஒரு சாரார் நல்லதோடு தீயதையும் காத்தார்கள். மற்றொரு சாரார் தீயதோடு நல்லதையும் களைய முற்பட்டார்கள். சீர்திருத்தம் செய்யப் புகும் எவரும் நினைவில் வைக்கவேண்டிய பாடம் இது.

வேலை இழந்த கவிராயரை இளமை நண்பர் கைவிடவில்லை. சரபோஜி மன்னர் அவரை அரண்மனைப் புலவராக்கி மாதந்தோறும் பொருள் கொடுத்து ஆதரித்தார். மன்னர் வேறு சமயத்தவர். இருப்பினும் சாஸ்திரியார் தம் கிறிஸ்தவப் பாட்டுகளைப் பாடக் கேட்டு மகிழ்ந்தார். இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. பெரிய கோயிலைச் சார்ந்த ஒரு நாடகத்திற்குப் பிள்ளையார் காப்புப் பாடித் தரும்படி மன்னர் கேட்டாராம். கவிராயர் பணிவோடு, ஆனால் உறுதியோடு, தம்மால் இயலாது என்று மறுத்துவிட்டாராம். மன்னரும் அதைப் பொறுத்துக்கொண்டாராம். உண்டி கொடுப்பவரிடமும் மனச்சாட்சியை விற்காத புலவர் என்று மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பதற்கு இந்தச் செய்தியே சான்று. வேறு சமயத்துப் புலவரின் மறுப்பை மதித்த மன்னரின் பெருந்தன்மையும் இதில் விளங்குகிறது.

1832இல் சரபோஜி மறைந்தார். அவர் மகன் சிவாஜியும் 1855இல் ஆண் வாரிசு இன்றி மறைய, தஞ்சை அரசையே கும்பினியார் எடுத்துக்கொண்டார்கள். ஆதரித்த அரசு அழிந்தது. கவிராயரோ எண்பது வயதைக் கடந்த முதியவர். இதற்கிடையிலேயே அவர் ஊர் ஊராகச் சென்று காலட்சேபம் செய்து வந்தார். நடுவில் நின்று கதை சொல்லி, இடையிடையே பாட்டுப் பாடி விளக்குவது காலட்சேப முறை. அவரிடம் மகளாக வளர்ந்த ஞானதீப அம்மையார் உடன் நின்று பாடினார். பெண்கள் பொது இடத்தில் பாடுவது அரிதாயிருந்த அந்தக் காலத்தில் இது குறிப்பிடத்தக்க செய்தியாகும்.

இந்த முதுமைக் காலத்தில்தான் அவருடைய பாட்டுகளுக்கு மறுவாழ்வு வந்தது. மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர், தமிழ் மக்கள் ஞானப்பாட்டைவிடக் கீர்த்தனையையே மனமுவந்து பாடுகிறார்கள் என்பதைக் கண்டார். சாஸ்திரியாரைத் தேடிச் சென்று, அவர் வாயிலிருந்தே பாட்டுகளையும் ராகதாளங்களையும் கேட்டறிந்து திரட்டினார். அவற்றையும் வேறு சிலரின் பாட்டுகளையும் சேர்த்து 1853இல் ஒரு கீர்த்தனைப் புத்தகம் அச்சாயிற்று. இருபத்துநான்கு ஆண்டுகளுக்குமுன் ஆலயத்தில் பாடக்கூடாதென்று ஒதுக்கப்பட்ட பாட்டு, ஒரு மேல்நாட்டவரின் முயற்சியாலேயே ஆலயத்தின் பாட்டுப் புத்தகமாகத் திரும்பி வந்தது. அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும் வரை கவிராயர் உயிரோடிருந்தார்.

1864ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில், சாஸ்திரியார் தஞ்சையில் காலமானார்.

அதன்பிறகு அவருடைய பாட்டு கடல் கடந்தது. யாழ்ப்பாணத்திற்கும், ரப்பர்த் தோட்டங்களுக்கும் ரயில்வேக்கும் ஆட்கள் வந்த நம் மலாயாவிற்கும், கப்பலில் வந்தவர்களின் துணிமூட்டைக்குள் கீர்த்தனைப் புத்தகமும் வந்தது. புத்தகம் கொண்டுவராதவர்கள் மனப்பாடமாகக் கொண்டுவந்தார்கள். வில்லிஸ் செய்த ஆர்கன் போன்ற ஒன்றை வாங்கச் சிறு தமிழ்ச் சபைகளால் இயலாது. அவர்களுக்குக் கைகொடுத்தது ஆர்மோனியப் பெட்டி.

ஆர்மோனியமும் ஆர்கனின் குலத்தைச் சேர்ந்ததே. 1840களில் பாரிஸ் நகரில் டெபேன் என்பவர் உருவாக்கிய அக்கருவியில் குழல்களுக்குப் பதிலாக உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கின்றன. கால்களால் மிதித்து வாசிக்கும் அந்தக் கருவியைக் கல்கத்தாவில் கையால் துருத்தி ஊதும் சிறு பெட்டியாக்கினார்கள். தரையில் அமர்ந்து மடியருகே வைத்து வாசிக்கலாம், தூக்கிச் செல்லலாம். கமகங்களைக் காட்ட இயலாத கருவி என்று சங்கீத வித்துவான்கள் அதைக் குறைகூறினார்கள். அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடைசெய்து, 1971 வரை அந்தத் தடையைக் காத்தது. ஆனால் ஆலயத்திலும் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் யாரும் அந்தத் தடையைக் கேட்கவில்லை. ஆர்கன் வாசிப்பவர் மேல்நாட்டு ஆலயத்தில் செய்த பணியைத் தமிழ்ச் சபையில் ஆர்மோனியப் பெட்டியின் முன் அமர்ந்தவர் செய்தார். அவர் பெரும்பாலும் பள்ளிக்கூட ஆசிரியராகவோ, எழுத்தராகவோ, ரயில்வே ஊழியராகவோ இருப்பார். சம்பளம் ஏதுமின்றி ஞாயிறுதோறும் வாசிப்பார். அவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் உழைப்பால்தான் பாட்டு உயிரோடிருந்தது.

தஞ்சையில் சாஸ்திரியார் விதைத்த விதை வேறொரு வகையிலும் பலன் தந்தது. அதே நகரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், தாமும் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றியவர். அவர் 1912 முதல் இசை மாநாடுகளைக் கூட்டி, சிலப்பதிகாரம் முதலிய பழந்தமிழ் நூல்களை ஆராய்ந்து, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் மாபெரும் இசைநூலை வெளியிட்டார். தமிழருக்குத் தொன்மையான இசை இலக்கணம் உண்டு என்று அந்த நூல் எடுத்துக்காட்டிற்று. ஆலயத்திற்குள் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று ஒருவர் போராடிய ஊரில், மேடையெங்கும் தமிழிசைக்கு அடிப்படை தேடிய ஒருவர் தோன்றியது தற்செயலாக இருக்க முடியாது.

இறுதியாக, சாஸ்திரியாரின் வரலாற்றிலிருந்து நாம் அறிவது என்ன? பாஹ் இயற்றிய பல இசைப் படைப்புகள் அவர் மறைந்தபின் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தன. 1829இல் மெண்டல்சோன் என்னும் இளைஞர் அவருடைய பெரும்படைப்பு ஒன்றை பெர்லினில் அரங்கேற்றியபின்தான் உலகம் அவரை மீண்டும் திரும்பிப் பார்த்தது. அதே 1829ஐ ஒட்டித் தஞ்சையில் சாஸ்திரியார் வேலையிலிருந்து விலக்கப்பட்டார். ஆயினும் அவருடைய பாட்டுக்கு ஒரு மெண்டல்சோன் தேவைப்படவில்லை. அது ஏட்டில் உறங்காமல் மக்கள் வாயில் இருந்தது. மேலிடத்தார் விலக்கியபோதும் வீட்டில் பாடினார்கள், திருமணத்தில் பாடினார்கள், கப்பலில் பாடினார்கள்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இன்று கீர்த்தனை பாடும் இளைஞர்களில் சிலருக்குத் தமிழ் எழுத்தைப் படிப்பது கடினமாகி வருகிறது. பாடும்போது நாவில் வரும் தமிழ், படிக்கும்போதும் வரவேண்டும். பல்லவியை மட்டும் பிடித்துக்கொண்டு சரணங்களை விட்டுவிட்டால் கவிராயர் சொல்லவந்த பொருளில் பெரும்பகுதி போய்விடும். பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளுக்குச் சரணங்களையும் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். இயற்றியவர் பெயரையும் சொல்லிவைக்க வேண்டும். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், தம் முன்னோர் பாடிய பாட்டைப் பொருளுணர்ந்து பாடுகிற தமிழர் தம் மொழியை இழப்பதில்லை.